உச்சிவெயில் வாடிக்கையாளர்

செத்துப்போன மணிகண்டபிரபு அன்றைக்கும் கடைக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்.

"இப்பத்தான் போனாவ சார்" என்றாள் ரேணுகாதேவி. மடியில் வைத்திருந்த லேப்டாப்பை மேஜைக்கு ஏற்றி, திரையை வேல்சாமியின் பக்கம் திருப்பினாள். "தெனமும் இதே நேரந்தான். உச்சிவெயில்ல வாராவ."

வேல்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்து அலுத்துப்போய், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவர். செத்தவர்கள் திரும்பி வருவது அவருக்குப் புதிதல்ல. பாலிசிப் பணத்தைச் செலவழிக்க வருவார்கள். கடலை மிட்டாய் வாங்க வந்தவர் இவர்தான் முதல்.

கடை இருந்தது இணையத்தில். வீட்டுக்குப் பின்னால் மிட்டாய்ப் பட்டறை, முன்னறையில் கம்ப்யூட்டர் என்று ரேணுகாதேவியும் கணவனும் சேர்ந்து தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் ஆர்டர் போட்டால் கடலை மிட்டாயும் காரச்சேவும் கூரியரில் போகும். போன மாசியில் கயத்தாறு ரோட்டில் லாரி மோதி மணிகண்டபிரபு இறந்தார். அவரோடு ஆர்டரும் நின்றுபோனது.

"விளம்பரம் போட்டாத்தான் ஆளு வரும்னு செண்பகராஜ் சொன்னாரு. மெயின் ரோட்டுல ஆபீஸ் வச்சிருக்காரு. நல்ல தரமான ட்ராஃபிக் கொண்டாந்து தாரேன், வார ஒவ்வொரு ஆளுக்கும் இவ்வளவுன்னு குடுத்தாப் போதும்னாரு."

"வந்தாங்களா?"

"ஆயிரக்கணக்குல வாராவ சார். துபாய், சிங்கப்பூர், மெட்ராஸ், பம்பாய். ஒருத்தரும் ஒரு பாக்கெட் வாங்கல. வாசப்படிய மிதிச்சுட்டு அப்படியே திரும்பிருதாவ."

"உங்க வீட்டுக்காரர் பேருல வாரவரு?"

"அவிய மட்டும் உள்ள வாராவ." ரேணுகாதேவியின் குரல் தணிந்தது. "'எங்களைப் பற்றி'ன்னு ஒரு பக்கம் இருக்கு. அதுல மிட்டாய்த் தட்டோட அவிய போட்டோ போட்டிருக்கேன். அதத் தெறந்து வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருக்காவ. பெறகு கருப்பட்டி மிட்டாய் ஒரு பாக்கெட்ட எடுத்துக் கூடையில போடுதாவ. பணம் கட்டுறதில்ல. கூடையிலேயே விட்டுட்டுப் போயிருதாவ."

வேல்சாமி திரையைப் பார்த்தார். பெயர் என்ற இடத்தில் மணிகண்டபிரபு. கீழே ஒரு செல் நம்பர்.

"இது யாரு நம்பர்?"

"அவிய நம்பர்தான். போன் என் பீரோவுல இருக்கு. அன்னைக்கு ஆஃப் பண்ணினத நான் இன்னும் தெறக்கல."

மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சுதாராணியின் பேனா நின்றது. பிரவுசிங் சென்டர் நடத்தி, அது படுத்தபின் வேல்சாமியிடம் உதவியாளராகச் சேர்ந்தவள். வாய் சும்மா இருக்காது. இப்போது இருந்தது.

"விளம்பரத்த நிறுத்திப் பாத்தீங்களா?" என்றார் வேல்சாமி.

"ஆடியில ஒரு வாரம் நிறுத்தினேன். அவியளும் வரல. மறுபடி போட்டேன். வந்துட்டாவ." ரேணுகாதேவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "கையில இருந்ததெல்லாம் போயிட்டு சார். வெள்ளிக்கிழமை பட்டறைய விக்கேன். பத்திரம் எழுதச் சொல்லியாச்சு. வித்தா இன்னும் கொஞ்ச நாளைக்கு விளம்பரம் ஓடும்."

"மிட்டாய் கிண்டுத எடத்த வித்துட்டு மிட்டாய்க்கு விளம்பரமாக்கா?" என்றாள் சுதாராணி.

"மிட்டாய்க்கு இல்ல" என்றாள் ரேணுகாதேவி.

அவள் லேப்டாப்பை மூடினாள்.

"அது அவிய இல்லேன்னு என் புத்திக்குத் தெரியுது சார். கைதான் கேக்க மாட்டேங்கு. யாருன்னு ஒருதரம் கண்ணுல காட்டிட்டீங்கன்னா நிறுத்திருவேன். வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டுங்க."

அவள் படியிறங்கிப் போனதும் சுதாராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, செண்பகராஜ் அனுப்பிய அறிக்கையைத் திரையில் விரித்தாள்.

"சார், எனக்குப் பேய்மேல சந்தேகமில்ல. துபாய்மேலதான் சந்தேகம்."

"சொல்லு."

"துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால, சிங்கப்பூரு ரெண்டரை மணி நேரம் முன்னால. இதுல என்னடான்னா காலையில துபாய், சிங்கப்பூர், மெட்ராஸ், பம்பாய் நாலும் ஒண்ணா வருது. மத்தியானம் ஒரு மணிக்கு நாலும் ஒண்ணா சோறு திங்கப் போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒண்ணா வீட்டுக்குக் கெளம்புது. ஒரே சங்கு ஊதி உலகமே நடக்கு சார்."

"அந்தச் சோறு திங்கிற நேரத்துலதானே நம்ம ஆளு வாராரு?"

"ஆமா. ஊரே ஓஞ்சு கெடக்கும்போது அவரு மட்டும்."

வேல்சாமி அறிக்கையில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். போன வாரம் புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாளும் காலி. துபாயும் இல்லை, மணிகண்டபிரபுவும் இல்லை.

"கரண்ட் கட்டா இருக்குமோ?" என்றாள் சுதாராணி.

"மூணு நாளைக்கா? ஈ.பி.காரன் அவ்வளவு கொடுமைக்காரன் இல்ல." ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தார். எதிரே விதைக்கடை வாசலில் சாக்குகள் அடுக்கியிருந்தன. "செவ்வாய்க்கிழமை ராத்திரி மழை பேஞ்சுதா?"

"இங்கன ஒரு தூத்தல்கூட இல்ல. வெக்கையில தூக்கமே இல்ல."

"இங்கன இல்ல. வேற எங்கன?"

இருவரும் இறங்கிப் போனார்கள். விதைக்கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் எந்தப் பக்கம் மழை அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்கீய. கழுகுமலை ரோட்டுல ஒத்த மேகந்தான். கருங்காட்டுப்பட்டிக்கு மேல நின்னு ஊத்திட்டுக் கலைஞ்சுபோச்சு. பக்கத்து ஊருக்காரன் வரப்புல நின்னு வேடிக்கை பாத்தான். விடிஞ்சதும் அந்த ஊரு மொத்தமும் உளுந்து கேட்டு இங்கன வந்து நிக்கி."

"எத்தனை நாள் விதைப்பு?"

"கரிசல் ஈரம் காத்துக்கிட்டா இருக்கும்? மூணு நாளைக்குள்ள ஆம்பள பொம்பள எல்லாரும் காட்டுல எறங்கிரணும். வீட்டுல நாய்கூட இருக்காது."

"அந்த ஊர்ல கம்ப்யூட்டர் ஏதும் இருக்கா?"

விதைக்கடைக்காரர் ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? பூட்டிக் கெடந்த தீப்பெட்டி ஆபீஸ்ல ஏதோ கம்ப்யூட்டர் வேலைன்னு பொம்பளைய போறாவ."

திரும்பி வரும்போது சுதாராணி சொன்னாள். "அப்போ சிங்கப்பூரு மொத்தமும் உளுந்து வெதைக்கப் போயிட்டு சார்."

மறுநாள் உச்சிவேளைக்குச் சற்று முன்னால் வேல்சாமியின் ஸ்கூட்டர் கழுகுமலை ரோட்டிலிருந்து மண்பாதைக்குத் திரும்பியது. இரண்டு பக்கமும் கரிசல். காய்ந்த காடுகளைத் தாண்டி, மழை கண்ட காடு தொடங்கிய இடத்தில் மண்ணின் நிறமே வேறாக இருந்தது. கன்னங்கரேலென்று ஆவி விட்டுக்கொண்டு கிடந்தது. டயரில் மண் அப்பிக்கொண்டது. மனுஷ நடமாட்டமே இல்லை. சீமைக்கருவேலத்துக்கு அப்பால் ஒரு சுழல்காற்று தனியாக எழுந்து, கொஞ்ச தூரம் கூடவே வந்து, நின்றுபோனது.

"சார், இந்த நேரத்துல தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு வெளிய போகாதேன்னு எங்கம்மா சொல்லுவா."

"உன் தலையில ஹெல்மெட் இருக்கு."

"அதான் தைரியமா வாரேன்."

தீப்பெட்டி ஆபீஸ் ஊருக்கு வெளியே ஒற்றையாக நின்றது. சுவரிலிருந்த சேவல் படம் பாதி உதிர்ந்திருந்தது. மூடி எத்தனையோ காலமாகியும் சுவர் இன்னும் தீக்குச்சி மருந்து வாடை விட்டது. ஜன்னலோரம் போய் நின்றார்கள்.

உள்ளே இருட்டு. நீளமான கூடத்தில், ஒரு காலத்தில் குச்சி அடுக்கிய அதே பெஞ்சுகளில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் பழைய கம்ப்யூட்டர்கள். யாரும் பேசவில்லை. யாரும் திரையைப் பார்க்கவும் இல்லை. குச்சி அடுக்கிப் பழகிய கைகள் தாமாக அசைந்தன. டிக், டிக், டிக். நீல வெளிச்சத்தில் முகங்கள் மட்டும் மிதந்தன.

"இது துபாய் இல்ல சார், எமலோகம்" என்று முணுமுணுத்தாள் சுதாராணி.

"யாரு அங்கன?"

பின்னாலிருந்து குரல். கையில் மோட்டார் சைக்கிள் சாவியோடு செண்பகராஜ் நின்றிருந்தான். வேல்சாமி தன் கார்டை எடுத்து நீட்டினார். செண்பகராஜ் வாசித்தான். முகம் மாறவில்லை.

"நான் என்ன தப்பு செஞ்சேன் அண்ணாச்சி? ட்ராஃபிக் தாரேன்னேன், குடுத்தேன். வாங்குவாவன்னு எங்கயாச்சும் சொன்னேனா?"

"துபாய்னு சொன்னியே."

"ஊரை மாத்திக் காட்டுத சாஃப்ட்வேர் போட்டிருக்கேன். அது வியாபார தந்திரம்."

"செத்தவரு பேரைப் போட்டு ஒரு பொண்ண விளம்பரத்துல கட்டி வச்சிருக்கியே, அதுவும் தந்திரமா?"

இப்போது முகம் மாறியது. செண்பகராஜ் ஜன்னலைவிட்டு விலகி வெயிலுக்கு வந்தான்.

"அது நான் இல்ல அண்ணாச்சி. எங்கம்மா சத்தியமா நான் இல்ல." குரல் இறங்கியது. "எனக்கும் அறிக்கையில தெரியுது. எல்லாரும் சாப்பிடப் போனப்பெறகு அந்தப் பேரு வருது. மணிகண்டபிரபுவ எனக்கு நல்லாத் தெரியும். பேயோட்டுத கோடாங்கியக் கூட்டியாந்து பாத்தேன். சர்வர் பொட்டிமேல எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், வாரம் ஒண்ணு மாத்துதேன். கேக்க மாட்டேங்கு."

"அந்த நேரத்துல உள்ள போயி யாருன்னு பாத்தியா?"

"நானா? மணி அடிச்சதும் கழுகுமலைக்குப் போயிருவேன். அங்கதான் சாப்பாடு."

சுதாராணி வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே மணி அடித்தது. பெண்கள் தூக்குச்சட்டிகளை எடுத்துக்கொண்டு பின்பக்க வேப்பமரத்தடிக்குப் போனார்கள். செண்பகராஜின் மோட்டார் சைக்கிள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடியது. பகலில் இப்படியொரு அமைதி இருக்க முடியுமா என்று தோன்றும்படி கூடம் அடங்கியது. வேல்சாமியும் சுதாராணியும் கதவோரம் நின்றார்கள்.

கடைசி வரிசையில் ஒரே ஒரு திரை அணையாமல் இருந்தது.

அதில் மணிகண்டபிரபு சிரித்துக்கொண்டிருந்தார். கையில் மிட்டாய்த் தட்டு. கூடம் முழுக்க இருட்டு, அந்த முகம் மட்டும் வெளிச்சம். சுதாராணி வேல்சாமியின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

முகத்துக்கு எதிரே ஒரு கை நீண்டது. சேலை முந்தானையால் திரையின் தூசியை, கன்னத்தைத் துடைப்பதுபோல, மெல்லத் துடைத்தது.

அறுபதை நெருங்கும் ஒரு பெண். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மௌஸைப் பிடித்தாள். பக்கம் மாறியது. கருப்பட்டி மிட்டாய். கூடை. ஒரு டிக். பிறகு கையைக் குவித்து, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் இருந்தாள். அதன்பிறகுதான் தன் தூக்குச்சட்டியைத் திறந்து முதல் கவளத்தை எடுத்தாள்.

அமாவாசையன்று, செத்தவர்களுக்கு இலை போட்டு, பிடித்ததைப் படைத்துவிட்டு, அதன்பின் வீட்டார் சாப்பிடுவது ஊர்வழக்கம். வேல்சாமி அதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்ப்பது இதுதான் முதல்.

"அவரு அம்மாவா நீங்க?" என்றார்.

எடுத்த கவளம் கையில் நிற்க அந்தப் பெண் எழுந்தாள்.

"சொர்ணத்தாய் அய்யா. முதலாளிகிட்டச் சொல்லிராதீய. ஒரே பக்கத்துல நிக்கக் கூடாதும்பாரு. அதான் சோத்து நேரத்துல பாக்கேன்."

"உக்காந்து சாப்பிடுங்கம்மா" என்றாள் சுதாராணி. அவள் குரலில் கிண்டல் காணாமல் போயிருந்தது.

சொர்ணத்தாய் உட்காரவில்லை. "நாங்க பாத்த பொண்ண வேண்டாம்னுட்டு அந்தப் பிள்ளையக் கட்டிக்கிட்டான். அவன் அப்பா, இந்த வீட்டு ஆளு ஒருத்தரும் அங்க படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாரு. நானும் அதுக்குக் கட்டுப்பட்டுக் கெடந்தேன். கெட்ட சேதி வந்தன்னைக்குத்தான் ஓடினேன். மூஞ்சியக் கட்டியாச்சு, தெறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாவ." திரையைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கன வேலைக்கு வந்து, எதையோ தட்டிக்கிட்டிருக்கேன், திடீர்னு இவன் சிரிக்கான்."

"பேரும் நம்பரும் யாரு போட்டது?"

"சந்தனமாரி போட்டுக் குடுத்தா. பேரு கேட்டுச்சு, அவன் பேரச் சொன்னேன். நம்பர் கேட்டுச்சு. எனக்குத் தெரிஞ்ச நம்பர் அவன் நம்பர் ஒண்ணுதான்."

வேல்சாமி வெளியே வந்து ரேணுகாதேவிக்குப் போன் போட்டார். யார் என்று சொல்லவில்லை. ஊர் பெயரை மட்டும் சொன்னார். அது கணவனின் சொந்த ஊர் என்பதால், அவர் சொல்லாததும் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும்.  "வாரேன் சார்" என்றாள்.

ஆட்டோவில் அவள் வந்து இறங்கியபோது கூடத்தில் மறுபடி டிக் டிக் நடந்துகொண்டிருந்தது. கழுகுமலையிலிருந்து திரும்பிய செண்பகராஜ் வாசலில் வழிமறித்து ஏதோ விளக்கம் சொல்லப் பார்த்தான். ரேணுகாதேவி அவனைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அவள் பையிலிருந்த மிட்டாய்ப் பாக்கெட்டில் பேரைப் பார்த்துவிட்டு, முன்வரிசையிலிருந்த பெண் ஒருத்தி கையை நிறுத்தினாள். சந்தனமாரி அவள்தான்.

"ஏக்கா, இது நம்ம கோவில்பட்டி மிட்டாயா? இந்தப் பேரத்தான நான் இத்தன மாசமா தட்டிக்கிட்டு இருக்கேன். எந்த ஊரு கடைன்னு நின்னு பாக்க விட்டாத்தான. துபாய்ல என் தம்பி இதக் கேட்டுக் கேட்டு வாய் நொந்து கெடக்கான்."

"எம்மவன் மஸ்கட்ல" என்றது இன்னொரு குரல். "எங்க மாப்பிள்ளை சிங்கப்பூரு" என்றது வேறொன்று. வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. மழையை நம்பி விவசாயம் பார்க்கிற ஊர். வீட்டுக்கு ஒருவர் எங்காவது கடல் தாண்டிக் கிடந்தார்.

சுதாராணி வாசலைப் பார்த்துச் சொன்னாள். "செண்பகராஜ் அண்ணாச்சி, நெசத் துபாயக் கைக்குள்ள வச்சுக்கிட்டு இத்தன நாளும் பொய்த் துபாய வித்திருக்கீயளே."



"அக்கா, விளம்பரமே வேண்டாம்" என்றாள் சுதாராணி. "இவிய ஒவ்வொருத்தரும் தன் பிள்ளைக்கு ஒரு போன் போட்டாப் போதும். வாரவன் எல்லாம் தின்னு பாத்தவன். வாங்காமத் திரும்ப மாட்டான்."

ரேணுகாதேவி அதைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே கடைசி வரிசைக்கு நடந்தாள். சொர்ணத்தாய் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"நான் ஒண்ணும் எடுக்கல தாயி. வச்சுத்தான் பாத்தேன்."

ரேணுகாதேவி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இடம் விட்டாள். கொஞ்சம் தயங்கி, சொர்ணத்தாயும் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் திரையிலிருந்த முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தியும் அழவில்லை.

பிறகு ரேணுகாதேவி தன் விளம்பரக் கணக்கைத் திறந்தாள். நிறுத்து என்ற பொத்தானின்மேல் அம்புக்குறி கொஞ்ச நேரம் நின்றது. அமுக்கினாள். 

"இனிமே இது வராதா?" என்றாள் சொர்ணத்தாய்.

"வரும் அத்தை. இதுக்கு விளம்பரம் தேவையில்ல, நேராவே தெறக்கலாம். நான் சொல்லித் தாரேன்." கூடையில் கிடந்த பாக்கெட்டைக் காட்டினாள். "தெனமும் கூடையோட விட்டுருதீயளே, அடுத்ததையும் அமுக்கலாம்லா? பணம் கேக்கும்னு பயந்தீயளா?"

"பணம் இல்ல தாயி. ஒருநா அமுக்கிப் பாத்தேன். சந்தனமாரி வாசிச்சுக் காட்டுனா. எங்கன கொண்டாந்து சேக்கணும், விலாசம் சொல்லுன்னு கேக்குது." சொர்ணத்தாய் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவன் இருக்க எடத்துக்கு நான் என்னன்னு விலாசம் சொல்ல?"



ரேணுகாதேவி அடுத்த பக்கத்துக்குப் போனாள். மணிகண்டபிரபு என்ற பெயருக்குக் கீழே விலாசத்துக்கான கட்டம் வெறுமையாக நின்றது. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக் கதவு நம்பர் என்ன அத்தை?"